வேலிக்கு என்ன கலர் அடிக்கலாம்?



இந்த மாத அறிவியல் பக்கத்துக்கு "ஒளியும் நிறமும்" பற்றி எழுதச் சொன்னாங்க. புத்தகத்தில் இருப்பதையே திருப்பி எழுதினால் யாரும் நின்று படிக்க மாட்டீங்க. அதனால் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு மர வேலிக்குப் பெயிண்ட் அடித்த கதையை எழுதுகிறேன். இதில் பாடமும் உண்டு, நான் செய்த ஒரு பெரிய தப்பும் உண்டு.

எங்கள் வேலி

ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு கட்டில் போடும் அளவுக்கு இரண்டு பாத்தி இருக்கிறது. ஆயா அதில் சிறுகீரையும் வெண்டையும் போட்டிருக்காங்க. தெரு நாய்கள் வந்து பாத்தியில் படுத்துக்கொள்வதால் அப்பா ஒரு வேலி கட்டினார். புது மரம் விலை அதிகம். பழைய வீடு இடித்த இடத்தில் ரீப்பர் கட்டைகளையும் ஜன்னல் சட்டங்களையும் வாங்கி வந்தார். பாதிக் கட்டையில் கெட்டியாகப் பழைய மஞ்சள் பெயிண்ட், அதுவும் செதில் செதிலாக உரிந்துகொண்டு இருந்தது.

என்ன கலர் அடிப்பது என்று வீட்டில் ஒரே சண்டை. அப்பாவுக்கு அழுக்குத் தெரியாத கறுப்பு. அம்மாவுக்கு வெள்ளை. ஆயாவுக்குச் செடியோடு சேர்ந்த பச்சை. மூன்று வயசுத் தம்பிக்கு மட்டும் சந்தேகமே இல்லை: "மஞ்சா! மஞ்சா!"

நான் செய்த தப்பு

பழைய பெயிண்டைத் தேய்த்து எடுக்கும் வேலை எனக்கு. உப்புத்தாளை வைத்து ஒரு மதியம் முழுக்கத் தேய்த்தேன். மஞ்சள் தூள் மாவு மாதிரி பறந்து கீரைப் பாத்தியில் விழுந்தது. தம்பி அந்தத் தூளில் விரலால் கோடு போட்டு விளையாடினான். அவனுக்கு விரல் சப்பும் பழக்கம் இன்னும் போகவில்லை. நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் டீச்சரிடம் போனில் கலர் பற்றி யோசனை கேட்டேன். அவங்க கலரைப் பற்றிப் பேசவே இல்லை. "பழைய பெயிண்டா? மஞ்சளா? காய்ந்தபடியே தேய்ச்சியா? முதல்ல நிறுத்தும்மா. தம்பி எங்கே?" என்றாங்க. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மஞ்சளுக்குள் என்ன இருக்கிறது?

பளிச்சென்ற மஞ்சள் பெயிண்டுக்கு நிறம் தர நெடுநாளாகப் பயன்பட்ட பொருள்களில் ஒன்று லெட் குரோமேட். அதில் காரீயம் இருக்கிறது. (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வேறு. அது வெள்ளீயம். குழப்பிக்கொள்ளாதீர்கள்.) காரீயம் உடம்பில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வயிற்றுக்குள் போகும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடம்பு பெரியவர்களைவிட 4 முதல் 5 மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டுகளில் காரீயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 90 பி.பி.எம். என்றால் பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. ஆனால் இடித்த வீட்டு மரத்தில் எந்தக் காலத்துப் பெயிண்ட் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? பழைய பெயிண்ட் என்றால் காரீயம் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும்.

பிரிஸ்பேன் குழந்தைகள்

டீச்சர் ஒரு உண்மைக் கதை சொன்னாங்க. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலமும் நம்ம ஊர் மாதிரி வெயில் காயும் இடம். அங்கே பிரிஸ்பேன் நகரத்தில் நிறையக் குழந்தைகளுக்குக் காரீய நஞ்சு ஏறியது. எங்கிருந்து வருகிறது என்று முதலில் புரியவில்லை. லாக்ஹார்ட் கிப்சன் என்ற கண் மருத்துவர் 1904-ல் காரணத்தைச் சொன்னார். வீட்டு வராந்தாவின் மரக் கிராதிகளுக்கு அடித்த பெயிண்ட் வெயிலில் பொடியாகி, பிடித்து விளையாடும் குழந்தைகளின் விரலில் ஒட்டுகிறது. அவர்கள் விரல் சப்பும்போதும் நகம் கடிக்கும்போதும் வயிற்றுக்குள் போகிறது. பலர் உடனே நம்பவில்லை. 1922-ல்தான் குழந்தைகள் கைக்கு எட்டும் வெளிப்புற இடங்களில் அந்தப் பெயிண்டை அடிக்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்தது.

நூறு வருஷத்துக்கு முன்னால் கண்டுபிடித்த விஷயம், எனக்குத் தெரியாமல் போனது.

தம்பியை டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரத்தத்தில் காரீயம் பார்க்கத் தனிப் பரிசோதனை இருக்கிறது. எடுத்தோம். ரிசல்ட் வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று வந்த பிறகுதான் சோறு இறங்கியது. ஆயா முகம் சுளிக்காமல் மொத்தக் கீரையையும் பிடுங்கிப் போட்டாங்க. "போனா போவுது கண்ணு, கீரை மறுபடியும் மொளைக்கும்" என்றாங்க. மேல் மண்ணை வழித்து மூட்டை கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லித் தனியாகக் கொடுத்தோம்.

நாலு பலகைச் சோதனை

இனி கலருக்கு வருவோம். புது ரீப்பரில் நாலு துண்டு எடுத்து வெள்ளை, சந்தனம், காவி, கறுப்பு அடித்தோம். காய்ந்த பிறகு மே மாத மதியம் இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்தோம். பக்கத்து வீட்டு அண்ணன் ஒவ்வொன்றிலும் கை வைத்து எண்ணினார். கறுப்பில் மூன்று சொல்வதற்குள் கையை உதறினார். காவியில் கொஞ்ச நேரம் தாங்கியது. சந்தனத்திலும் வெள்ளையிலும் கை வைத்தபடியே பேசிக்கொண்டு இருந்தார்.

காரணம் நம் பாடத்தில் இருப்பதுதான். கறுப்பு ஒளியை உள்ளே இழுத்து வெப்பமாக்கும், வெள்ளை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். மரம் அதிகமாகச் சூடானால் வேகமாகக் காய்ந்து சுருங்கும். மழையில் நனைந்தால் உப்பும். இப்படிச் சுருங்கி உப்பும்போது மேலே இருக்கும் பெயிண்ட் விரிசல் விடும். ஆகவே சேலத்து வெயிலுக்குக் கறுப்பு வேண்டாம்.

அப்படியானால் வெள்ளையா? ஒரு மழை பெய்தால் போதும், செம்மண் தெறித்துக் கீழ்ப்பகுதி அசிங்கமாகிவிடும். நம் ஊர்ப் பக்கம் வெள்ளை அடித்த சுவரின் அடியில் காவிப் பட்டை அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெறிக்கும் மண் அதில் தெரியாது!

காவிக்கு இன்னொரு நல்ல குணம். காவியின் நிறம் இரும்பு ஆக்சைடு, அதாவது இரும்புத் துருவின் சொந்தக்காரன். ஏற்கனவே ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டதால் வெயிலில் சீக்கிரம் வெளுக்காது. ஸ்வீடனில் ஃபாலுன் என்ற ஊர்ச் சுரங்கத்து மண்ணில் செய்யும் சிவப்பை அந்த நாட்டு மர வீடுகளுக்குப் பல நூற்றாண்டாக அடிக்கிறார்கள். அதுவும் இரும்பு ஆக்சைடுதான். இரும்பு ஆக்சைடில் மஞ்சள் வகையும் உண்டு. சந்தன நிறத்துக்கு அதுவே போதும், லெட் குரோமேட் தேவையில்லை.

கடைசியில் என்ன அடித்தோம்?

மேலே சந்தனம், அடியில் ஒரு சாண் காவி. பழைய கட்டைகளை வேலிக்கு வைக்கவே இல்லை. ஆயா அதை வெந்நீர் அடுப்புக்கு எடுத்தபோது தடுத்துவிட்டேன். எரித்தால் காரீயம் புகையிலும் சாம்பலிலும் வரும். அஞ்சு ரோட்டுப் பக்கத்துக் கடையில் டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்த பிறகே வாங்கினோம். தம்பி சந்தனத்தைப் பார்த்து "மஞ்சா!" என்று கை தட்டினான்.

நினைவில் வையுங்கள்

1. கலர் தேர்ந்தெடுக்கும் முன், அடியில் என்ன பெயிண்ட் இருக்கிறது, அதை யார் தொடப் போகிறார்கள் என்று கேளுங்கள்.
2. பழைய பெயிண்டைக் காய்ந்தபடி தேய்க்காதீர்கள். தண்ணீரில் நனைத்து, கீழே பிளாஸ்டிக் விரித்து, பெரியவர்கள் செய்யட்டும். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.
3. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றுங்கள்.
4. புது டப்பாவில் காரீய அளவு போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.
5. கட்டையின் வெட்டிய முனைகளுக்கும் பெயிண்ட் அடியுங்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் அதிகம் இறங்கும்.

உங்களுக்குத் தெரியுமா?

வெள்ளைப் பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதை எடுக்க உதவும் இல்மனைட் தாது, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது.

யோசித்துப் பாருங்கள்

உங்கள் வீட்டு ஜன்னல், கதவு, தொட்டில், கேட் எதிலாவது பழைய பெயிண்ட் உரிகிறதா? அதன் பக்கத்தில் விளையாடும் தம்பி, தங்கை யார்? இன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதலில் அதைப் பாருங்கள்.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி