வட்டம் ஏன் நீள்கிறது?

ஓவிய வகுப்பில் மேசைமீது ஒரு தம்ளரை வைத்து, "இதைப் பார்த்து வரையுங்கள்" என்றால் நம்மில் பலர் வரையும் படம் எப்படி இருக்கிறது? வாய் முழு வட்டம். அடியோ அளவுகோல் வைத்துப் போட்ட நேர்கோடு. தம்ளரின் வாய் வட்டமானது என்பது நமக்குத் தெரியும். அது மேசைமீது சமமாக நிற்கிறது என்பதும் தெரியும். தெரிந்ததையெல்லாம் வரைந்துவிடுகிறோம், கண் கண்டதை மட்டும் விட்டுவிடுகிறோம். இதனால் ஒரே தம்ளரை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் ஒருங்கே பார்த்தது போன்ற படம் கிடைக்கிறது.

கண் காண்பது என்ன? ஒரு சிறு சோதனை செய்வோம். தம்ளரை நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அதன் விளிம்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துவோம். வாய் வெறும் கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குவோம். கோடு பிளந்து மெல்லிய நீள்வட்டமாகும். இறக்க இறக்க அகன்றுகொண்டே வரும். கண்ணுக்கு நேர்கீழே வந்தால்தான் முழு வட்டம் தெரியும். ஆகவே முதல் விதி இது: வட்டம் கண்மட்டத்தை விட்டு எவ்வளவு விலகுகிறதோ, அவ்வளவு அகலத் திறக்கும். மேசைமீதுள்ள தம்ளரின் வாயைவிட அடிப்பாகம் கண்மட்டத்துக்குக் கீழே இன்னும் தள்ளி இருக்கிறது. எனவே அடிப்பாகத்தின் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று மிகுதியாக இருக்க வேண்டும்; நேர்கோடாக இருக்கவே முடியாது. உயரத்தில் தொங்கும் ஆலய மணிக்கு இது தலைகீழ். அதன் முன்விளிம்பு மேல்நோக்கி வளையும்.

அளவும் சொல்லலாம். நீள்வட்டத்தின் நீண்ட அச்சு நெட்டச்சு. குறுகிய அச்சு குற்றச்சு. நம் பார்வை வட்டத்தின் தளத்தோடு 30 பாகைக் கோணத்தில் சாய்ந்திருந்தால், குற்றச்சு நெட்டச்சில் ஏறத்தாழப் பாதியாகும். வாயின் அகலம் 10 செ.மீ. என்று வரைந்தால் அதன் திறப்பு 5 செ.மீ. இருக்கும்.

இனி வரையும் முறை. முதலில் தம்ளரின் நடுவே செங்குத்தாக ஒரு மெல்லிய கோடு. அதற்குச் செங்குத்தாக நெட்டச்சு. இரு பக்கமும் சம அளவு குறித்து, மேலும் கீழும் குற்றச்சின் பாதிகளைக் குறிக்க வேண்டும். பின் தோளிலிருந்து கையை வீசி, நான்கு புள்ளிகளையும் தொட்டுச் செல்லும் வளைவை இரண்டு மூன்று முறை இலேசாக ஓட்ட வேண்டும். இரு முனைகளும் மீனின் வாலைப்போலக் கூராகிவிடக் கூடாது. நீள்வட்டத்தில் மூலையே இல்லை. கண்ணுக்கு மறைந்துபோகும் பின்பக்க வளைவையும் முதலில் முழுமையாக வரைந்து, பிறகு அழிப்பதே நல்லது.

சரியான நீள்வட்டத்தைப் பார்த்துப் பழக வேண்டுமானால் இரண்டு குண்டூசிகளும் நூலும் போதும். ஊசிகளை 8 செ.மீ. இடைவெளியில் குத்தி, அவற்றுக்கிடையே 10 செ.மீ. நூலைக் கட்டி, நூலை விறைப்பாக இழுத்தபடி பென்சிலைச் சுற்றினால், 10 செ.மீ. நீளமும் 6 செ.மீ. அகலமும் கொண்ட நீள்வட்டம் கிடைக்கும்.

இங்கே ஓர் ஐயம் எழும். அருகிலுள்ள பாதி பெரிதாகவும் தொலைவிலுள்ள பாதி சிறிதாகவும் தெரிய வேண்டுமல்லவா? அப்படியானால் வடிவம் முட்டைபோல் அல்லவா இருக்கும்? இதே ஐயத்தில் ஒரு பெரும் ஓவியரே தடுமாறியிருக்கிறார். ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-இல் வெளியிட்ட வடிவியல் நூலில், கூம்பைச் சாய்வாக வெட்டினால் கிடைக்கும் வடிவத்தை ஒரு பக்கம் பருத்த முட்டையாகவே வரைந்து, முட்டைக் கோடு என்று பெயரும் இட்டார். கூம்பு கீழே அகன்றிருப்பதால் வெட்டும் கீழே அகன்றிருக்கும் என்று நினைத்துவிட்டார். ஆனால் அவ்வெட்டு இருபுறமும் ஒத்த நீள்வட்டமே என்பதைக் கிரேக்கர் அப்பொல்லோனியஸ் கிறிஸ்துவுக்கு முன்பே விளக்கியிருந்தார்.

வட்ட விளிம்பிலிருந்து நம் கண்ணுக்கு வரும் கதிர்களும் ஒரு கூம்புதான். ஓவியத்தாள் அக்கூம்பை வெட்டும் தளம். ஆகவே தாளில் விழுவதும் ஒத்த நீள்வட்டமே. அருகிலுள்ள பாதி பெரிதாகத் தெரிவதும் உண்மையே. அதற்கும் இதற்கும் முரண் இல்லை. தூரக்காட்சியில் ஒரு சதுரத்தை வரைந்து, அதனுள் வட்டத்தை அமைத்து, மூலைவிட்டங்களைப் போட்டால் புரியும். அவை வெட்டும் இடம்தான் வட்டத்தின் உண்மையான மையம். அது நெட்டச்சின்மேல் இராது. சற்று மேலே, தொலைவை நோக்கித் தள்ளியிருக்கும். வட்டத்தின் மையம் வேறு, நீள்வட்டத்தின் மையம் வேறு.

1435-இல் இத்தாலியரான ஆல்பெர்ட்டி, வட்டத்தைச் சதுரக் கட்டங்களில் வைத்துப் புள்ளி புள்ளியாகத் தூரக்காட்சிக்கு மாற்றும் வழியை எழுதினார். உச்செல்லோ வரைந்ததாகக் கருதப்படும் ஒரு கிண்ணத்தின் படம் பிளாரன்ஸ் நகரில் இருக்கிறது. விளிம்பு முதல் பாதம் வரை ஒவ்வொரு வளையமும் சிறு சிறு கோடுகளால் பொறுமையோடு கட்டப்பட்டது. பலிபீடத்துக் கிண்ணத்தை வரைய விரும்பும் மாணவிக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

வகுப்பில் இருபது பேர் ஒரே தம்ளரைச் சுற்றி அமர்ந்து வரைந்தால் இருபது வெவ்வேறு நீள்வட்டங்கள் கிடைக்கும். உயரமான பெஞ்சில் இருப்பவளுக்கு அகன்றது. தரையில் இருப்பவளுக்கு மெலிந்தது. ஒருத்தி மற்றவளைப் பார்த்து, "உன் படம் தவறு" என்று சொல்வதற்கு முன், அவள் இருக்கையில் ஒருமுறை அமர்ந்து பார்க்க வேண்டும். தம்ளரின் வாய் எல்லாருக்கும் ஒரே வட்டம்தான். நாம் இருக்கும் இடத்திலிருந்து அது எப்படித் தெரிகிறதோ அதை நேர்மையாக வரைவதே நம் வேலை.