எழுந்து நின்றால் இதயம் விரைவது ஏன்?

மனிதன் எழுந்து நிற்கும்போது ஏறத்தாழ அரை லிட்டர் இரத்தம் வயிற்றுப் பகுதிக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடனே தன்னியக்க நரம்பு மண்டலம் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறையாமல் காக்கிறது. இந்த ஏற்பாடு சீர்குலைவதால் தோன்றும் கோளாறுகளுள் ஒன்றே ‘போட்ஸ்’ எனப்படுவது. நின்ற 10 நிமிடங்களுக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடுதல் (12 முதல் 19 வயதினருக்கு 40), இரத்த அழுத்தம் பெரிதும் வீழாதிருத்தல், படபடப்பும் தலைச்சுற்றலும் 3 மாதங்களேனும் நீடித்தல் ஆகியவை இதன் அடையாளங்களாகும்.

காரணங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் இதையொத்த நோயை டா கோஸ்டா 1871இல் விவரித்தார். போட்ஸ் என்ற இன்றைய வரையறையை 1993இல் ஷான்டார்ஃப், லோ ஆகிய இருவரும் வகுத்தனர். காரணம் ஒன்றன்று. சிலருக்குக் கால் நரம்புகள் நலிந்துள்ளன. சிலருக்கு இரத்தத்தின் கொள்ளளவு குறைவு. வேறு சிலருக்கு நார்அட்ரினலின் மிகுதி. தொற்றுநோய்க்குப் பின் தொடங்குவதும் உண்டு. கோவிட் நோய்க்குப் பின் பலரிடம் இது காணப்பட்டதால் ஆராய்ச்சி விரைவு பெற்றது.

சிகிச்சை

நீர், உப்பு, இறுக்கமான காலுறை, படுத்தோ அமர்ந்தோ செய்யத்தக்க படிப்படியான உடற்பயிற்சி ஆகியவையே சிகிச்சையின் அடிப்படை. தேவைப்படின் குறைந்த அளவு புரோப்ரனலால் போன்ற மருந்துகள் தரப்படுகின்றன. 2021இல் வெளியான ஓர் ஆய்வில் ஐவாபிரடின் பயனளித்தது. எனினும் அதில் பங்குகொண்டோர் 22 பேரே. உப்பைக் கூட்டுவது இரத்த அழுத்த நோயாளிகளுக்குத் தீங்காகும்; ஆகவே மருத்துவரின் ஆலோசனை இன்றியமையாதது.

நம் நாட்டின் சூழல்

இந்நோய்க்கு ஆளாவோரில் பெரும்பாலோர் இளம் பெண்கள். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. அதுவும் படபடப்பையும் மயக்கத்தையும் விளைவிக்கும். எனவே முதலில் இரத்தப் பரிசோதனை தேவை. சோகை நீங்கிய பின்னரும் தொல்லை நீடித்தால், ‘மனப்பதற்றம்’ என்று ஒதுக்கிவிடலாகாது. படுக்கவைத்தும் நிற்கவைத்தும் நாடியையும் அழுத்தத்தையும் ஒப்பிடுவதற்குக் கடிகாரமும் இரத்த அழுத்தமானியும் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இயலும் இச்சோதனைக்குப் பத்து நிமிடப் பொறுமைதான் செலவு. அதைச் செய்யத் தவறினால், ஒரு மாணவியின் படிப்பும் ஓர் ஊழியரின் பணியும் காரணம் அறியப்படாமலே நின்றுபோகக்கூடும்.