முதல்ல கேளு, அப்புறம் கொடு

தங்கச்சி, பாரிமுனையில வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே போன் பண்ணிக் கேட்டியே, "பிளாட்பாரத்துலயே குடும்பம் நடத்துறாங்கக்கா, பார்த்தும் பார்க்காத மாதிரி போக மனசு வரலை, என்ன செய்யறது?"ன்னு. பத்து வருஷம் அந்தத் தெருக்கள்ல நடந்தவ நான். தெரிஞ்சதைச் சொல்றேன்.

எடுத்ததும் பொட்டலத்தோட போய் நிக்காதே. ஒரு அமாவாசை அன்னிக்கு அஞ்சு சாம்பார் சாதம் வாங்கிட்டுப் போய் நீட்டினேன். அங்கே இருந்த அக்கா தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஒரு பையை இழுத்துக் காட்டினாங்க. உள்ளே பதினாலு பொட்டலம். "அமாவாசைன்னா எல்லாரும் வருவாங்க கண்ணு. சாயங்காலத்துக்குள்ள ஊசிப்போயிடும். நாளைக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க"ன்னாங்க. கொஞ்சம் தயங்கிட்டு, "இந்த போனை உங்க ஆபீஸ்ல சார்ஜ் போட்டுத் தர்றியா?"ன்னு கேட்டாங்க. ஒரு வீட்டுல தங்கி வேலை பார்க்கிற மகள் ராத்திரிதான் கூப்பிடுவாளாம். அன்னிலேர்ந்து, என்ன வேணும்னு கேட்காம நான் எதையும் வாங்கிட்டுப் போறதில்லை.

உன் பேரைச் சொல்லு, அவங்க பேரைக் கேளு. பெரியவங்கன்னா அக்கா, பாட்டின்னு கூப்பிடு. 'ஏய், இந்தாம்மா'ன்னு விரட்டுறதைக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப்போன காது அது. படுக்கை விரிச்சிருக்கிற இடத்தைத் தாண்டிப் போகாதே, சுத்திப் போ. அது அவங்க வீட்டுக் கூடம்.

ஆபீஸ்ல யாராவது "உழைக்காம படுத்துக் கிடக்காங்க"ன்னா, சும்மா இருக்காதே. விடிகாலையில பூ கட்டுறதும், மூட்டை தூக்குறதும், மீன்பாடி வண்டி மிதிக்கிறதும் இவங்கதான். மூணு தலைமுறையா அதே தெருவுல இருக்கிற குடும்பங்கள் உண்டு. கண்ணகி நகர் மாதிரி கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டருக்கு அப்பால அரசாங்க வீடு கிடைச்சாலும், விடிகாலை வேலைக்கு அங்கேயிருந்து எப்படி வந்து சேர முடியும்? லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்கணும்னு 2010-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. ஆனா சென்னையில நிறைய காப்பகம் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. புருஷன் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்னு பிரிஞ்சு கிடக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

அதையெல்லாம் நீ ஒருத்தியா மாத்த முடியாது. ஆனா இப்ப நான் சொல்றது உன்னால முடியும். கழிப்பறை. பொதுக் கழிப்பறையில பல இடத்துல காசு கேட்பாங்க, ராத்திரியில பூட்டியும் கிடக்கும். அதுக்குப் பயந்தே சாயங்காலத்துக்கு மேல தண்ணி குடிக்காத பொம்பளைங்களை எனக்குத் தெரியும். உங்க கட்டடத்துல கீழ்த்தளக் கழிப்பறையைக் காலையில ஒரு மணி நேரம் பெண்களுக்குத் திறந்து விடச் சொல்லிக் கேளு. முதல் தடவை 'முடியாது'ம்பாங்க. இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்கிட்டுப் போய்த் திரும்பக் கேளு. சானிட்டரி நாப்கின் கொண்டு போனா ஆம்பளைங்க முன்னாடி எடுக்காதே.

பிள்ளைங்களைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடவே போடாதே. அவங்க பரிதாபத்துக்கான படம் இல்லை. 2019-ல லார்ட்ஸ் மைதானத்துல தெருவோரக் குழந்தைகளுக்கான கிரிக்கெட் உலகக் கோப்பையை ஜெயிச்ச தென்னிந்திய அணியில சென்னைப் பிள்ளைகளும் இருந்தாங்க. உன் தெருப் பிள்ளைங்ககிட்ட என்ன விளையாடுவீங்க, எந்தக் கிளாஸ்னு கேட்டுப் பாரு, வாய் ஓயாது.

தனியா, தன்பாட்டுக்குப் பேசிக்கிட்டுத் திரியறவங்களைப் பார்த்தா ஒதுங்கிப் போயிடாதே. போலீஸ்ல சொல்லு. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, மனநலப் பிரச்சினையால தன்னைத் தானே பார்த்துக்க முடியாம திரியறவங்களைப் பாதுகாப்புல எடுத்து, 24 மணி நேரத்துக்குள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போறது காவல்துறையோட கடமை. இப்படித் தெருவுல விடப்பட்ட பெண்களுக்காகத்தான் 1993-ல சென்னையில பேன்யன் அமைப்பு தொடங்கினாங்க.

பொட்டலப் பையைக் காட்டின அந்த அக்காவோட தகரப் பெட்டிக்கு ஒரு சின்னப் பூட்டு உண்டு. ரேஷன் கார்டு, ஓட்டர் ஐடி, பிள்ளையோட டி.சி. எல்லாம் ஒரே பிளாஸ்டிக் கவர்ல இருக்கும். ஒரு வருஷம் மழையில கவரோட ஊறி, எழுத்தெல்லாம் கரைஞ்சு போச்சு. அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்க அவங்க அலைஞ்ச அலைச்சல்ல பல நாள் கூலியே போச்சு. நீ பழகின பிறகு, அவங்க சம்மதிச்சா, ஜெராக்ஸ் எடுத்து லேமினேட் பண்ணிக் கொடு.

ஐப்பசி வரப்போகுது. தார்ப்பாய் எத்தனைக்கு எத்தனை அடி வேணும், எங்கே கட்டுவாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டுட்டு எனக்கு போன் பண்ணு. பாதிக் காசு நான் போடறேன்.