மேல்வீட்டில் ஆள் இருக்கிறார்கள், சுவரில் கைவைக்குமுன்

சுங்கை சிப்புட், செம்மோர் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீட்டுக் குசினியைப் பெரிதாக்க ஒரு தச்சரும் நாலு பலகையும் இருந்தால் போதும். அந்தப் பலகைச் சுவருக்கு மேலே தகரக் கூரையைத் தவிர வேறு பாரம் கிடையாது. ஈப்போ அடுக்குமாடி வீட்டில் அப்படியில்லை. உங்கள் சமையலறைச் சுவரின் தலைக்கு மேலே இன்னொரு குடும்பத்தின் அரிசிப் பானையும் அலமாரியும் இருக்கின்றன. அதனால் பழைய தோட்டத்துத் துணிச்சலைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் அந்தச் சுவர் எப்படிப்பட்டது என்று தெரியவேண்டும். விலைகுறைந்த அடுக்குமாடிகள் பலவற்றில் தூணே இருக்காது. சுவரையும் தளத்தையும் கம்பி கட்டி ஒன்றாகக் காங்கிரீட்டில் வார்த்திருப்பார்கள். அங்கே சுவர்தான் தூண். கனத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பூச்சோடு சேர்ந்த செங்கல் தடுப்பும் ஐந்தாறு அங்குலம் வரும், பாரம் சுமக்கும் காங்கிரீட் சுவரும் அதே அளவில் இருக்கலாம். படம் மாட்ட முன்பு துளைபோட்ட இடம் இருந்தால் நினைத்துப் பாருங்கள். சிவப்புத் தூள் கொட்டியிருந்தால் செங்கல். சாம்பல் நிறத் தூள் என்றால் காங்கிரீட்டாகவும் இருக்கலாம், சிமெண்டுக் கல்லாகவும் இருக்கலாம். துரப்பணம் திடீரென்று நின்று இரும்பில் உரசும் சத்தம் கேட்டிருந்தால் அந்தச் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். செங்கல் என்று தெரிந்தாலும் நிம்மதி அடைய முடியாது. பழைய நாலு மாடிக் கட்டடங்களில் செங்கல் சுவரே பாரம் தாங்குவது உண்டு. மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் அதே இடத்தில் சுவர் நிற்கிறதா என்று போய்ப் பாருங்கள்.

சுவர் மட்டுமல்ல, துருத்தி நிற்கும் பாகங்களையும் கவனியுங்கள். இங்கிலாந்து வீடுகளில் கணப்படுப்புப் புகைபோக்கி சுவரிலிருந்து துருத்தி நிற்கும். கீழ்வீட்டுக்காரர் அதை உடைத்துவிட்டால் மேல்வீட்டுப் பாகம் அந்தரத்தில் தொங்கும். நம் ஊரில் புகைபோக்கி இல்லை. ஆனால் குளிர்பதனப் பெட்டியை வைக்கவிடாமல் சமையலறை மூலையில் இடத்தை அடைத்து நிற்கும் செங்கல் பெட்டி இருக்கிறது. அதற்குள் மேல்வீட்டுக் கழிவுக் குழாயோ குப்பைக் குழாயோ போகும். பல வீடுகளுக்கும் பொதுவாகப் போகும் குழாய்களையும், கட்டடத்தைத் தாங்கும் பாகங்களையும் 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டம், அதாவது 757-ஆவது சட்டம், பொதுச் சொத்து என்கிறது. உங்கள் வீட்டுக்குள் இருந்தாலும் அது உங்களுடையது ஆகாது.

அடுத்து, குத்தகையாளரைத் தேடுவதற்கு முன்பே பொறியாளரைப் பாருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். “இது சும்மா தடுப்புச் சுவர்ணே, அரைநாள் வேலை” என்று தட்டிப் பார்த்துச் சொல்லும் குத்தகையாளருக்கு உடைத்தால்தான் கூலி. மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பதிவுபெற்ற கட்டமைப்புப் பொறியாளர் வரட்டும். கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடம் ஈப்போ மாநகர் மன்றத்தின் கட்டடப் பிரிவிலோ நிர்வாக அலுவலகத்திலோ கிடைக்குமா என்று கேட்டு வாங்கி அவரிடம் காட்டுங்கள். அவர் சொல்வதைக் கையெழுத்து, முத்திரையோடு எழுத்தில் வாங்குங்கள். ‘கூடாது’ என்றால் அவருக்குக் கொடுத்த பணத்தோடு முடிந்தது. அலமாரியை இடம் மாற்றிப் பிழைத்துக்கொள்ளலாம்.

பாரம் தாங்கும் சுவர் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் சமையல் எரிவாயு வெடித்தது. வெடிப்பு அவ்வளவு பெரிதில்லை. ஆனால் பாரம் தாங்கிய சுவர் வெளியே பிய்த்துக்கொண்டு போனதால் அந்த மூலை முழுக்கச் சரிந்து நால்வர் இறந்தார்கள்.

‘செய்யலாம்’ என்று பொறியாளர் சொன்னால் அனுமதிக்குப் போகலாம். ஜே.எம்.பி. எனப்படும் கூட்டு நிர்வாக அமைப்பு அல்லது நிர்வாகக் கழகத்தின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். தேவையானால் மாநகர் மன்ற அனுமதியும் வேண்டும். நிர்வாகமே செயலிழந்து கிடக்கும் பழைய அடுக்குமாடியானால் மாநகர் மன்றத்திலுள்ள கட்டட ஆணையர் பிரிவில் கேளுங்கள்.

பிறகு மேல்வீட்டுக் கதவையும் கீழ்வீட்டுக் கதவையும் தட்டுங்கள். மலாய்க் குடும்பமானால் ‘காக்’, சீனக் குடும்பமானால் ‘ஆன்ட்டி’, நம்மவரானால் அக்காவோ மாமாவோ. எந்த நாளில் எத்தனை மணிக்குச் சத்தம் வரும் என்று நேரிலேயே சொல்லுங்கள். இரவு ஷிப்டு முடித்துப் பகலில் தூங்குபவரோ எஸ்.பி.எம். எழுதும் பிள்ளையோ இருந்தால் நாளை மாற்றுங்கள். அவர்கள் முன்னிலையிலேயே மேல்வீட்டுத் தரை ஓடு, கதவுச் சட்டம், கீழ்வீட்டு உட்கூரை எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். பழைய விரிசலுக்கு அருகே ஸ்கேல் வைத்து எடுங்கள். பின்னாளில் சண்டை வந்தால் பேசப்போவது அந்தப் படங்கள்தான்.

வேலை நாளில் பொறியாளரின் வரைபடம் சுவரிலேயே ஒட்டியிருக்கட்டும். இரும்புத் தாங்கிகள் நின்ற பிறகுதான் முதல் கல் வெளியே வரவேண்டும். தாங்கி தன் பாரத்தை உங்கள் தரைமேல் இறக்கும், அதனால் கீழ்வீட்டிலும் தாங்கி நிறுத்தச் சொல்லலாம். கீழ்வீட்டாரிடம் முன்பே பேசியிருக்கவேண்டும் என்பது இதனால்தான். மின்சாரத்தையும் தண்ணீரையும் அடைத்திருக்கவேண்டும். சுவரை மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாக, கை உளியாலும் வெட்டும் இயந்திரத்தாலும் எடுக்கவேண்டும். காலால் உதைத்துச் சாய்க்கும் ஆளை அன்றே அனுப்பிவிடுங்கள்.

இடிபாட்டின் எடையைப் பலர் யோசிப்பதில்லை. 3 மீட்டர் நீளமும் 2.6 மீட்டர் உயரமும் உள்ள அரைச்செங்கல் சுவர் பூச்சோடு ஏறக்குறைய 2 டன் வரும். வீட்டுத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ புழக்கப் பாரத்துக்குக் கணக்கிடுவது வழக்கம். முழங்கால் உயரத்துக்குக் கல்லைக் குவித்தாலே அதைப்போல் மூன்று நான்கு மடங்கு ஏறிவிடும். ஆகவே மூட்டை கட்டி அன்றன்றே கீழே இறக்குங்கள். நிர்வாகம் சம்மதித்தால் ஒழிய மின்தூக்கியில் ஏற்றவேண்டாம். கிந்தா ஆற்றங்கரையிலும் பழைய ரப்பர்க் காட்டோரத்திலும் கொட்டவும் வேண்டாம்.

எடுத்த சுவருக்குப் பதிலாகப் பாரம் தாங்கப் புதிய விட்டம் ஏறியதும் அதற்கும் தளத்துக்கும் நடுவிலுள்ள சந்தில் ஈரம் குறைந்த சிமெண்டுக் கலவையை இறுக்கி அடைக்கவேண்டும். அது இறுகிவிட்டது என்று பொறியாளர் வந்து பார்த்துச் சொல்லும்வரை தாங்கிகள் அப்படியே நிற்கட்டும். குத்தகையாளர் தாங்கிகளின் வாடகைக் கணக்கைக் காட்டி அவசரப்படுத்துவார், அசையாதீர்கள்.

தாங்கிகளை எடுத்த பிறகும் சில வாரங்களுக்கு மேல்வீட்டுப் பக்கம் அடிக்கடி போய்வாருங்கள். விரிசல் இருந்தால் அதன் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். விரிசல் கோட்டைத் தாண்டினாலோ, லேசாகத் திறந்த கதவு இறுகினாலோ, பூச்சு வேலையை நிறுத்திவிட்டு அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள்.