கொள்ளைக் கப்பல் என்று சொல்லித் தப்ப முடியாது

"புளோரிடா கொள்ளைக் கப்பல். கொள்ளைக்காரனை எந்தத் துறைமுகத்திலும் பிடிக்கலாம்." நடுநிலைத் துறைமுகங்கள் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். மாணவர் சொன்னால் திருத்திவிடலாம். கடல்சட்டம் கற்பிப்பவர்களே சொல்லும்போது பொறுக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். அமெரிக்க உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1864 அக்டோபர் 4 அன்று, தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கப்பல் புளோரிடா, பழுதுபார்க்கவும் நிலக்கரி ஏற்றவும் பிரேசிலின் பாகியா துறைமுகத்துக்கு வந்தது. வடதரப்பின் வாச்சுசெட் முன்பே அங்கே நின்றது. மோதல் வேண்டாம் என்று பிரேசில் அதிகாரிகள் தங்கள் போர்க்கப்பலை நடுவில் நிறுத்தி, புளோரிடாவைக் கரைப்பக்கம் நகர்த்தினார்கள். 7ஆம் தேதி விடியுமுன், புளோரிடாவின் தலைவர் மோரிசும் மாலுமிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரும் கரையில் இருந்த நேரம், வாச்சுசெட்டின் தலைவர் நெப்போலியன் காலின்ஸ் தன் கப்பலை அதன் மேல் மோதி, சரணடையச் செய்து, கயிறு கட்டிக் கடலுக்கு இழுத்துப் போனார்.

இதற்குத்தான் 'கொள்ளைக் கப்பல்' என்று சாக்குச் சொல்கிறார்கள். கடற்கொள்ளை என்பது எந்த அரசின் ஆணையும் இல்லாமல் சொந்த ஆதாயத்துக்காகச் செய்வது. புளோரிடா முப்பதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது உண்மை. ஆனால் போரிடும் ஒரு தரப்பின் ஆணை பெற்ற அதிகாரிகள், அத்தரப்பின் கொடியின் கீழ் அதைச் செய்தார்கள். தென்தரப்பைத் தனிநாடாக யாரும் ஏற்கவில்லையே என்பார்கள். ஏற்கத் தேவையில்லை. பிரேசில் 1861இலேயே இரு தரப்பையும் போரிடும் தரப்புகளாகக் கருதி நடுநிலை அறிவித்தது. துறைமுகத்தில் தங்கும் உரிமைக்கு அது போதும்.

வாஷிங்டனின் நடத்தையையே பாருங்கள். 1861இல் தென்தரப்பின் சவான்னா கப்பல் மாலுமிகளைக் கடற்கொள்ளைக் குற்றம் சாட்டி நியூயார்க்கில் விசாரித்தார்கள்; ஜூரிகளிடையே ஒத்த முடிவு எட்டப்படவில்லை. பிறகு அவர்களைப் போர்க்கைதிகளாகவே நடத்தினார்கள். புளோரிடாவின் மாலுமிகளையும் வாரன் கோட்டையில் அடைத்து, 1865இல் நாட்டைவிட்டுப் போகச் சொல்லி விடுவித்தார்கள். யாரும் தூக்கிலேறவில்லை.

வதந்தியின் ஊற்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் சீவர்ட் 1864 டிசம்பரில் பிரேசிலுக்கு எழுதிய கடிதம். அதில் புளோரிடாவைக் கொள்ளைக் கப்பல் என்றுதான் அவர் சொல்கிறார். அதே கடிதத்தில், நட்பு நாட்டின் துறைமுகத்தில் நுழைந்து தண்டனை கொடுக்கும் அதிகாரம் எந்தக் கப்பல் தலைவருக்கும் இல்லை என்று ஒப்புக்கொண்டு, காலின்சின் செயலைக் கைவிடுவதாகவும் எழுதுகிறார். முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு வாதாட வருகிறவர்களிடம் கேட்கிறேன்: கொள்ளைக் கப்பலாகவே இருக்கட்டும், துறைமுகம் யாருடையது?

1865 ஏப்ரலில் இராணுவ நீதிமன்றத்தில் காலின்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பொது நன்மைக்காகச் செய்தேன் என்பது மட்டுமே அவர் வாதம். பதவிநீக்கம் விதித்தார்கள். 1866 செப்டம்பரில் கடற்படை அமைச்சர் வெல்ஸ் அத்தண்டனையை ஏற்க மறுத்துவிட்டார். ஆகவே செயல் சட்டப்படி சரி என்கிறார்கள். அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜூலையில், நிப்சிக் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் அதே பாகியாவுக்குப் போய்ப் பிரேசில் கொடிக்கு 21 குண்டு மரியாதை செலுத்தியது. பரிகாரம் செய்தது அமெரிக்க அரசு. அமைச்சர் தன் அதிகாரியைக் காப்பாற்றியதால் செய்த செயல் சட்டமாகிவிடாது.

மற்ற கதைகளுக்கு இவ்வளவு நேரம் வேண்டாம். பெரும் கடற்போர் என்பது பொய். இருட்டில் சில நிமிடக் கைகலப்பு, துப்பாக்கிச் சூடு, ஓரிரு பீரங்கி வெடி, அவ்வளவே. பிரேசில் கண்டும் காணாமல் இருந்தது என்பதும் பொய். கோட்டையிலிருந்து சுட்டார்கள், கப்பல்களை அனுப்பித் துரத்தினார்கள், எட்டிப் பிடிக்க முடியவில்லை. புளோரிடா திருப்பித் தரப்பட்டது என்பது அப்பட்டமான தவறு. 1864 நவம்பர் 28 அன்று, வேறொரு கப்பல் மோதிய சேதத்தோடு நின்றிருந்த அது, வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் அருகே மூழ்கியது. வேண்டுமென்றே மூழ்கவிட்டார்கள் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. எப்படி மூழ்கியிருந்தாலும் பிரேசிலுக்குச் சேரவேண்டிய கப்பல் சேரவில்லை.

நம் கடல்சார் கல்லூரிகளில் விபத்துக் காப்பீட்டுக்கும் சரக்கு ஒப்பந்தத்துக்கும் வாரக்கணக்கில் வகுப்பு நடக்கிறது. நடுநிலைத் துறைமுக விதிகளை ஒரே மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். 1907ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் ஹேக் உடன்படிக்கையை முழுதாகப் படிக்க வையுங்கள். நடுநிலை நாட்டுக் கடற்பரப்பில் கப்பலைப் பிடிப்பதே அந்நாட்டின் நடுநிலையை மீறுவது என்கிறது அது. அங்கே பிடிபட்ட கப்பல் வெளியே கொண்டுபோகப்பட்டுவிட்டால், நடுநிலை நாடு கேட்கும்போது பிடித்த அரசு அதை மாலுமிகளோடு விடுவிக்க வேண்டும் என்கிறது. பாகியாவின் ஆவணங்களை அந்த வகுப்பிலேயே மாணவர் கையில் கொடுங்கள். சீவர்டின் கடிதத்தைக் கொடுக்கும்போது இரண்டு பாதிகளையும் கொடுங்கள்.