நீர்த்தெய்வங்கள்: பாஸ்க் நாட்டிலும் வல்லார்பாடத்திலும்

ஆழமான நீர் உள்ள இடமெல்லாம் ஒரு தெய்வமும் உண்டு. நம் ஊர் ஏரிக்கரைகளில் கன்னிமார் எழுவர் வரிசையாக அமர்ந்திருப்பர். "பொழுது சாய்ந்தபின் அந்தப் பக்கம் போகாதே, கன்னிமார் குளிக்க வரும் நேரம்" என்று பாட்டிமார் பிள்ளைகளை எச்சரிப்பர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது எளிது. அறிவியல் பயிலும் நமக்கு இன்னும் எளிது. ஆனால், இக்கதைகளை மக்கள் எதற்காகக் காத்து வந்தனர் என்று ஆராய்வதன்றோ அறிவியல் நோக்கு? ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு நாட்டு நீர்த்தெய்வங்களை இங்கே ஒப்பிட்டுக் காண்போம்.

1. வாத்துக்கால் மங்கையர்

ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலைப்பகுதியில் பாஸ்க் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் மொழிக்கு உலகில் உறவுமொழி எதுவும் உறுதிப்படவில்லை. அவர்களுடைய நாட்டுக்கதைகளைத் தொகுத்த பெருமை ஹோசே மிகேல் தெ பாரந்தியாரான் (1889–1991) என்னும் பாதிரியாரைச் சாரும். அக்கதைகளில் ஆற்று மடுக்களிலும் ஊற்றுக்களிலும் உறையும் 'லாமியா' என்னும் மங்கையர் வருகின்றனர். பொற்சீப்பால் கூந்தலை வாரிக்கொண்டு கரையில் அமர்ந்திருப்பர். உருவமெல்லாம் அழகு, பாதம் மட்டும் வாத்தின் பாதம்.

ஓர் இளைஞன் லாமியா ஒருத்தியைக் காதலித்தான். தாயின் சொற்படி அவள் பாதத்தைப் பார்த்தான், உண்மை உணர்ந்தான், ஏக்கத்தால் நோயுற்று மாண்டான். அவன் சவ ஊர்வலத்தில் அவளும் அழுதுகொண்டு வந்தாள். ஆனால், மாதாகோயில் வாயிலோடு நின்றுவிட்டாள். உள்ளே நுழைய அவளால் இயலவில்லை. சிற்றாலயங்கள் எழுந்தபின் லாமியாக்கள் மறைந்தே போயினர் என்றும் பாஸ்க் மக்கள் கூறுவர். பழைய நீர்த்தெய்வத்திற்குப் புதிய சமயத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள்.

2. தமிழர் கண்ட நீர்த்தெய்வம்

நீர்த்துறையிலும் மலைச்சுனையிலும் உறைந்து வருத்தும் தெய்வத்தை அணங்கு என்றும் சூர் என்றும் சங்கப் புலவர் குறித்தனர். நீரரமகளிர் என்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால், தமிழர் கண்டது அச்சுறுத்தும் தெய்வத்தை மட்டுமன்று. கடலில் கலம் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோன் ஒருவனைக் காத்தது மணிமேகலா தெய்வம். அந்த நன்றியினாலேயே கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை எனப் பெயரிட்டான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. பௌத்தரின் மகாசனக சாதகக் கதையிலும் இத்தெய்வமே கடலில் நீந்தும் இளவரசனைக் காக்கிறது.

எனவே, நீர்த்தெய்வங்கள் இருவகை எனலாம்: இழுத்துச் செல்பவை ஒருவகை, மீட்டுத் தருபவை மற்றொருவகை. இரண்டாம் வகைக்கு வல்லார்பாடம் சிறந்த சான்று.

3. நீரில் வந்த அன்னை

வல்லார்பாடம் எறணாகுளத்திற்கும் வைப்பினுக்கும் இடையே காயலில் கிடக்கும் தீவு. 1524-இல் போர்த்துகேசியர் இங்கு ஓர் ஆலயம் எழுப்பி, மீட்பின் அன்னையாகிய மரியாவின் படத்தை நிறுவினர். அடிமைகளாகப் பிடிபட்டோரை மீட்பதற்கென 1218-இல் பார்சிலோனாவில் தோன்றிய துறவியர் சபையின் வழியே பரவிய வழிபாடு இது.

1676-இல் பெருவெள்ளம் அவ்வாலயத்தை அழித்தது. காயலில் மிதந்த படத்தை, கொச்சி அரசின் அமைச்சரான பாலியத்தச்சன் கண்டெடுத்தார் என்பது மரபு. அவரே புதிய ஆலயத்திற்கு நிலமும், அணையா விளக்கிற்கு எண்ணெயும் அளித்தார். மாதாகோயிலில் எரிந்தது இந்துக் குடும்பம் தந்த விளக்கு!

1752-இல் பள்ளியில் வீட்டு மீனாட்சியம்மா என்னும் நாயர் குலப் பெண், தன் கைக்குழந்தையுடன் மட்டாஞ்சேரிக்குப் படகில் சென்றார். புயலில் படகு கவிழ்ந்தது. நீரில் மூழ்கும்போது, "காப்பாற்றினால் இறுதிவரை உன் அடிமையாக இருப்பேன்" என்று அன்னையிடம் நேர்ந்துகொண்டாராம். மூன்றாம் நாள் பாதிரியாரின் கனவுப்படி மீனவர் வலை வீச, தாயும் சேயும் உயிருடன் கிடைத்தனர் என்பது வரலாறாகச் சொல்லப்படும் கதை. தாய் மரியா எனவும், மகன் யேசுதாஸ் எனவும் பெயர் பெற்று, ஆலய முற்றத்தைப் பெருக்கி வாழ்ந்தனராம். இன்றும் வேண்டுதல் உடையோர் சாதி, மத வேறுபாடின்றித் துடைப்பம் ஏந்தி அம்முற்றத்தைப் பெருக்குகின்றனர். குழந்தைகளை அன்னைக்கு 'அடிமை' வைக்கும் வழக்கமும் உண்டு.

திருச்சபையின் கோட்பாட்டில் மரியா நீர்த்தெய்வம் அல்லர். ஆயினும், காயல் மக்கள் அவரிடம் ஒப்படைத்த பணி மணிமேகலா தெய்வத்தின் பணியே. பாஸ்க் நாட்டில் நீர்மங்கை ஆலய வாயிலில் நின்றுவிட்டாள். வல்லார்பாடத்திலோ நீரே அன்னையை ஆலயத்திற்குள் கொண்டுவந்து சேர்த்தது.

4. காயல் ஏன் இழுக்கிறது?

'ஏதோ காலைப் பிடித்து இழுத்தது' என்று நீரில் தப்பியவர் சொல்வதுண்டு. அது முற்றிலும் கற்பனையன்று. மழைக்காலத்தில் ஆறுகளின் நன்னீர் காயலின் மேற்பரப்பில் கடலை நோக்கிப் பாய்கிறது. கடலின் உப்புநீர் அடர்த்தி மிகுந்தது. ஆதலின் அடியில் ஆப்புப் போல உள்ளே நுழைகிறது. மேலே ஒரு திசை, கீழே மறுதிசை! கொச்சியில் ஏற்ற இறக்கம் சுமார் 1 மீட்டர் அளவே. ஆயினும் குறுகிய முகத்துவாரத்தில் அதன் விசை பெரிது. நீந்துபவன் கால் ஒரு நீரோட்டத்திலும் தலை மற்றொன்றிலும் சிக்கலாம். அணங்கு என்ற சொல்லில் மக்கள் பொதிந்து வைத்தது இந்தப் பட்டறிவைத்தான்.

5. பாலம் வந்தபின்

பிரான்சுப் பகுதியிலுள்ள லிக் என்னும் ஊரின் பாலத்தை லாமியாக்கள் ஒரே இரவில் கட்டியதாகக் கதை. சேவல் முன்னதாகக் கூவிவிட்டதால் கடைசிக் கல் மட்டும் வைக்கப்படவில்லையாம். வல்லார்பாடத்திற்கு 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. அதே ஆண்டில் ஆலயம் பசிலிக்கா ஆயிற்று. 2011-இல் பன்னாட்டுச் சரக்குப்பெட்டி முனையம் தொடங்கப்பெற்றது. படகையே நம்பிய தீவினருக்குப் பாலம் பெருநன்மை, அதில் ஐயமில்லை.

ஆனால், இங்கும் ஒரு கல் குறைகிறது. முனையத்திற்குச் சாலையும் இருப்புப்பாதையும் அமைக்க 2008-இல் மூலம்பிள்ளி முதலிய இடங்களில் 300-க்கு மேற்பட்ட குடும்பங்கள் நிலம் இழந்தன. மறுவாழ்வுக்காக அவர்கள் பல்லாண்டு போராடினர். காயலின் பகுதிகளும் தூர்க்கப்பட்டன. நீரைக் கண்டு அஞ்சிய காலத்தில் அதனிடம் இருந்த மதிப்பு, பாலத்தின்மேல் விரைந்து செல்லும் காலத்தில் குறைந்துவிட்டது.

நண்பர்களே! அறிவியல் நமக்கு அச்சத்தைப் போக்கட்டும். மதிப்பையும் சேர்த்துப் போக்கிவிட வேண்டா. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, உங்கள் ஏரிக்கரைக் கன்னிமார் கதையைப் பாட்டியிடம் கேட்டு எழுதி வாருங்கள். அந்த ஏரியில் எங்கே ஆழம், எங்கே சுழல், எந்த மாதத்தில் ஆபத்து என்பனவும் அக்கதையினுள்ளேயே இருக்கக்கூடும்.