கழிமுகச் சேறும் கந்தக நுண்ணுயிர்களும்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள பிச்சாவரம் போன்ற கழிமுகச் சதுப்புகளில் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். சேறும் மை போற் கறுத்திருக்கும். இவ்விரண்டும் அச்சேற்றில் வாழும் நுண்ணுயிர்களின் தொழிலால் உண்டாவனவாம்.

சேற்றின் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழேயே பிராணவாயு அற்றுப்போகிறது. ஆயினும் கண்டல் மரங்களின் இலைகளும் வேர்களும் அங்கு மட்கியே வருகின்றன. கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட்டு என்னும் கந்தகப் பொருள் கரைந்துள்ளது. சில நுண்ணுயிர்கள் பிராணவாயுவுக்குப் பதிலாக இதனைக் கொண்டு சுவாசித்து, நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை வெளிவிடுகின்றன. ஹாலந்து தேசத்துப் பெய்ஜரிங்க் என்னும் அறிஞர் 1895-ம் ஆண்டில் இத்தகைய நுண்ணுயிரைப் பற்றி விவரித்தார். அவ்வாயு மண்ணிலுள்ள இரும்புடன் கூடி முதலில் கருநிறச் சல்பைடாகவும், நாளடைவில் பைரைட்டு என்னும் பொருளாகவும் படிகிறது.

நிலம் நீரில் அமிழ்ந்திருக்குமளவும் பைரைட்டினால் புளிப்பு உண்டாவதில்லை. கரை கட்டி நீரை வடித்து நிலத்தைக் காயவிட்டாலோ, காற்றுப் பட்டு, வேறு வகை நுண்ணுயிர்களின் துணையால், அது கந்தகத் திராவகத்தைப் பிறப்பிக்கிறது. மண்ணின் அமில எண் 4-க்கும் கீழே இறங்கும்; அலுமினியம் கரைந்து பயிரின் வேரைக் கெடுக்கும்; மழைக்காலத்தில் அந்நீர் வாய்க்காலிற் கலப்பின் மீன்களும் மடியும். கேரளத்தின் குட்டநாட்டுக் கரி நிலங்கள் இதற்குத் தக்க சான்றாகும். அங்குள்ள குடியானவர்கள் சுண்ணாம்பு இட்டும், நன்னீரால் அலசியும் நெல் விளைவிக்கின்றனர்.

ஆகையால் கழியோர நிலத்தைத் திருத்த விரும்பும் மிராசுதாரர், வாய்க்கால் வெட்டுமுன் மண்ணைச் சோதித்தல் வேண்டும். வெட்டக் கருதும் ஆழம் வரை பல இடங்களிற் சேறு எடுத்து, மெல்லிய அடையாகப் பரப்பி, காற்றுப் படும்படி 8 வாரம் ஈரங்குன்றாமல் வைத்து, முதலிலும் முடிவிலும் மண் பரிசோதனைச் சாலையில் அமில எண்ணை அறிந்துகொள்க. எண் 4-க்குக் கீழே தாழ்ந்தால் அந்நிலத்தை வடிக்காமல் விடுவதே நலம். கிளிஞ்சல் மிகுந்த சேற்றில் அதன் சுண்ணாம்பு புளிப்பை அடக்கக்கூடும். ஒரே கழியிலும் இடத்துக்கு இடம் குணம் மாறுவதால், ஓரிடத்துச் சோதனையை மற்றோரிடத்துக்குக் கொள்ளலாகாது.

முன்னரே வடித்த நிலத்தில் வைக்கோல் நிறமான மஞ்சட் புள்ளிகள் காணப்படின், திராவகம் பிறந்துவிட்டதென்று அறியலாம். அங்கு வாய்க்காலை மேலும் ஆழப்படுத்தாமல், நீர்மட்டத்தைப் பைரைட்டுப் படுகைக்கு மேலே நிறுத்துதல் முதற் கடமையாகும். சுண்ணாம்பு இடுவது அதன் பின்னரே பலன் தரும். ஒருவர் வடித்த புளிப்பு நீர் அண்டை நிலத்துக்கும் பாயுமாதலால், கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தில் கருத்தூன்றுதல் அவசியம்.